தலைகீழாகக் கிடந்த காரணத்தால் மட்டும் ஒருவர் இறந்துவிட முடியுமா?

கட்டபெட்டுக்காரன் கேட்கிறார்:

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் எங்களுடையது. கடந்த ஜனவரியில், உறைபனி விழுந்த ஒரு சம்பள நாள் இரவில், கடைவீதிக்குப் போன என் சித்தப்பா வீடு திரும்பவில்லை. மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போனவர்கள், செடிகளுக்கு நடுவே மழைநீர் வடிவதற்காக வெட்டிய கானுக்குள் அவர் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டடி அகலமும் இடுப்பளவு ஆழமும் உள்ள கான் அது. தலை அடியில் இருந்தது, முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருந்தது, கால்கள் இரண்டும் மேட்டின் மேல் கிடந்தன. கானில் தண்ணீர் இல்லை. அவர் குடித்திருந்தார் என்பதை நாங்கள் மறுக்கவில்லை.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில், உடல் கிடந்த நிலையால் ஏற்பட்ட மூச்சடைப்பே மரணத்திற்குக் காரணமாக இருக்கலாம் என்றும், உள்ளுறுப்புகளின் ரசாயனப் பகுப்பாய்வு முடிவு வந்தபின் இறுதிக் கருத்து தரப்படும் என்றும் எழுதியிருக்கிறார்கள். சித்தியால் இதை ஏற்க முடியவில்லை. முகம் கறுத்து வீங்கியிருந்தது, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன, மூக்கில் இரத்தம் கசிந்திருந்தது. கழுத்தை நெரித்துக் கானில் போட்டுவிட்டார்கள் என்று லைனில் பாதிப் பேர் சொல்கிறார்கள். கயிறும் இல்லை, தண்ணீரும் இல்லை, ஒரு காயமும் இல்லை, படுத்திருந்த விதத்தாலேயே ஒரு மனிதர் இறந்தார் என்பது எங்களுக்குப் புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் சித்தியிடம் படித்துக் காட்டுவேன்.

குன்னூர் மருத்துவர் எழுதுகிறார்:

அரசு மருத்துவக் கல்லூரிகளில் சட்ட மருத்துவத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் சித்தப்பாவின் உடலை நான் பார்க்கவில்லை என்பதால், அறிக்கை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு மரணம் உண்டா என்று கேட்டால், உண்டு. அதுவும் நம் மலைச்சரிவுகளில் அவ்வளவு அரிதானதும் அன்று.

மூச்சு விடுவதை நாம் மூக்கின் வேலை என்றே நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நெஞ்சுக்கூடு விரிய வேண்டும், வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே தடுப்புப் போல இருக்கும் உதரவிதானம் கீழே இறங்க வேண்டும், தொண்டை வழி மடங்காமல் திறந்திருக்க வேண்டும். அமைதியாக இருக்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் உதரவிதானம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கி, அரை லிட்டர் அளவு காற்றை உள்ளே இழுக்கிறது. தலை கீழாகவும் இடுப்பு மேலாகவும் கிடப்பவருக்கோ, ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலும் இரைப்பையும் குடலும் சேர்ந்து அந்தத் தடுப்பின் மேல் சுமையாக உட்கார்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் தம் வயிற்றையே தூக்கியாக வேண்டியிருக்கிறது. அதோடு முகவாய் நெஞ்சில் அழுந்தியிருந்தால், தளர்ந்த நாக்கு பின்னுக்குச் சரிந்து, காற்று போகும் வழி மடிந்த குழாய் போலாகிவிடும். இரண்டடிக் கானுக்குள் தோள்களும் நெருக்கப்பட்டிருந்தால் விலா எலும்புகள் விரியவும் இடமில்லை. இது ஒரே நொடியில் கழுத்தைப் பிடிக்கும் மரணம் அன்று. மூச்சுத் தசைகள் சோர்ந்துபோக, இரத்தத்தில் கரியமில வாயு ஏற, ஆக்சிஜன் இறங்க, மெல்ல மெல்ல நிகழ்வது. தலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, வழி எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிலருக்குச் சில நிமிடங்கள் ஆகும், சிலருக்கு மணிக்கணக்கில் ஆகும்.

அப்படியானால் தலைகீழாக விழுகிற எல்லோரும் இறக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். நிதானத்தில் இருப்பவர் மூச்சு முட்டிய உடனே புரண்டுவிடுவார். தூக்கத்தில்கூட நம் உடல் தானாகவே திரும்பிக்கொள்கிறது. ஆகவே ‘எந்த நிலையில் கிடந்தார்’ என்பது பாதிக் கேள்விதான். ‘அந்த நிலையிலிருந்து ஏன் அவரால் எழ முடியவில்லை’ என்பதற்கு விடை கிடைக்காதவரை இந்தக் காரணத்தை எழுதக் கூடாது என்றே என் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். விடை மதுவாக இருக்கலாம், தூக்க மருந்தாக இருக்கலாம், விழுந்ததில் தலையில் பட்ட அடி, வலிப்பு, பக்கவாதம், எதற்காவது நடுவில் சிக்கிக்கொள்வது, கைகால் கட்டப்பட்டிருப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1982 முதல் 1990 வரை இவ்வாறு இறந்த வளர்ந்தவர்கள் 30 பேரைப் பற்றிய ஆய்வு 1992-இல் வெளிவந்தது; அவர்களில் பெரும்பான்மையோர் விஷயத்தில் விடை மதுவாகத்தான் இருந்தது.

இனி முகமும் கண்ணும். கண்ணில் சிவப்புப் புள்ளி கண்டால் கழுத்து நெரிப்பு என்று முடிவு கட்டுவது நம் ஊர்களில் மட்டுமல்ல, அவசரத்தில் எழுதப்படும் அறிக்கைகளிலும் உண்டு. தலையிலிருந்து இரத்தம் இதயத்திற்குத் திரும்ப முடியாமல் தேங்கும்போது நுண்ணிய இரத்த நாளங்கள் வெடிப்பதால் அந்தப் புள்ளிகள் உண்டாகின்றன. கழுத்தை நெரித்தாலும் அது நேரும், தலை தாழ்ந்து கிடந்தாலும் நேரும். இறந்தபின்னும் பல மணி நேரம் தலை தாழ்ந்தே கிடந்தால், தேங்கிய இரத்தத்தின் பாரத்தாலேயே புதிதாகப் புள்ளிகள் தோன்றக்கூடும். மூக்கில் கசிவதும் அப்படித்தான். நெரிப்பா இல்லையா என்பதைக் கண்கள் சொல்லாது, கழுத்தின் உட்புறம்தான் சொல்லும். முதலில் மண்டையையும் நெஞ்சையும் திறந்து இரத்தத்தை வடியவிட்டு, அதன்பிறகே கழுத்துத் தசைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வரிசையை மாற்றினால், அறுக்கும்போது கசியும் இரத்தமே நெரித்த காயம் போலத் தோன்றிவிடும். பிரின்ஸ்லூ, கார்டன் என்ற இருவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1951-இலேயே இதை எச்சரித்து எழுதியிருக்கிறார்கள்.

அறிக்கையில் கழுத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மலைக்காற்று எழுதுகிறார்:

மருத்துவர் ஐயாவின் மீது மரியாதை உண்டு. ஆனாலும், ஏழைத் தொழிலாளி ஒருவர் இறந்தால் வழக்கை விரைவாக மூடுவதற்கு வசதியாகக் கண்டுபிடித்த பெயர் போலவே இது தோன்றுகிறது. ‘குடித்தான், விழுந்தான், செத்தான்’ என்பதற்குப் படித்த மொழியில் ஒரு பெயர் வைத்தால் அது அறிவியல் ஆகிவிடுமா?

பழைய ஏட்டையா எழுதுகிறார்:

காவல்துறையில் காவலராகச் சேர்ந்து உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்த மலையில்தான். மலைக்காற்று சொல்வதில் கோபம் இருக்கிறது, நியாயமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இந்தக் காரணம் பொய்யானது அன்று. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ ஒன்றில் உருண்ட வண்டிக்குள், எலும்பு ஒன்றுகூட முறியாமல், ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே மடங்கிக் கிடந்து இறந்த ஓட்டுநரை நானே தூக்கியிருக்கிறேன்.

தம்பிக்கு நான் சொல்ல வருவது வேறு. பிணவறை மேசையில் எல்லா உடலும் மல்லாந்துதான் கிடக்கும். தலை எங்கே இருந்தது, கழுத்து எவ்வளவு மடங்கியிருந்தது என்பதை மருத்துவர் அங்கே பார்க்க முடியாது. நாங்கள் எழுதிக் கொடுப்பதைத்தான் படிப்பார். அதனால் இந்த வகை மரணத்தில், உடல் கிடந்த இடத்தைப் பார்த்து நாங்கள் எழுதும் பார்வை மகஜரும், அந்த இடத்தை வரைந்து காட்டும் மாதிரி வரைபடமும் பிரேதப் பரிசோதனைக்கு இணையான சாட்சிகள். நம் மக்களோ பாசத்தில் என்ன செய்கிறார்கள்? காவலர் வருவதற்குள் உடலை மேலே தூக்கி, முகத்தைத் துடைத்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, பாதையோரம் நேராகக் கிடத்திவிடுகிறார்கள். விசாரணைக்குப் போகும் அதிகாரிக்குக் கிடைப்பது வெறும் கானும் ஆளுக்கொரு கதையும்தான். உங்கள் சித்தப்பாவை முதலில் பார்த்தவர் யார், தூக்கியவர்கள் எத்தனை பேர், தூக்குமுன் யாராவது கைப்பேசியில் படம் எடுத்தார்களா என்று விசாரியுங்கள். அந்தப் படம் இருந்தால், நூறு பேர் பேச்சை விட அது மேல்.

இன்னொன்று. போதையில் இருப்பவரை ஜீப்பின் தரையில் குப்புறப் போட்டு, மேலே காலை வைத்துக்கொண்டு போகும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக் குப்புறப் போடாதே, உட்கார வை, இல்லாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வை என்று புதிதாக வரும் காவலர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

குன்னூர் மருத்துவர் எழுதுகிறார்:

ஏட்டையா சொன்ன ஜீப் விஷயம் உலகம் முழுவதும் வாதத்திற்கு உள்ளானது என்பதால் சில வரிகள். கைகளையும் கால்களையும் முதுகுக்குப் பின்னே சேர்த்துக் கட்டிக் குப்புறப் போடுவது மூச்சை மீளவிடாமல் செய்கிறது என்று அமெரிக்காவில் டொனால்ட் ரே என்ற சட்ட மருத்துவரும் உடன் இருந்தவர்களும் 1988-இல் எழுதினார்கள். 1997-இல் சான் டியாகோவில், நலமான தன்னார்வலர்களை அதே போலக் கட்டிப் படுக்கவைத்துச் சோதித்தபோது, நுரையீரலின் கொள்ளளவு குறைந்ததே தவிர இரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கவில்லை. அந்தச் சோதனையைக் காட்டி, நிலையால் யாரும் இறப்பதில்லை என்று வாதாடியவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. ஆய்வகத்தில் படுத்தவர் குடித்தவர் அல்லர், போராடிக் களைத்தவர் அல்லர், முதுகில் யாருடைய முழங்காலும் இல்லை, போதும் என்று சொன்னால் அவிழ்த்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். காவலில் நேரும் மரணமாக இருந்தால் காவல்துறை மட்டும் விசாரித்து முடித்துவிட முடியாது, நீதித்துறை நடுவரின் விசாரணை வேண்டும் என்று சட்டம் சொல்வதும் நினைவில் இருக்கட்டும்.

மலைக்காற்று அவர்களுக்கு: இது மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிய பிறகே எழுத வேண்டிய காரணம். அந்த உழைப்பைச் செய்யாமல், ஒன்றும் கிடைக்காதபோது எழுதும் பெயராக இதைப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த அறிக்கையை எழுதியவர் ரசாயனப் பகுப்பாய்வு வரும்வரை இறுதிக் கருத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். வழக்கை மூட நினைப்பவர் அப்படி எழுத மாட்டார்.

கட்டபெட்டுக்காரன் எழுதுகிறார்:

அறிக்கையை மறுபடி எடுத்து, பக்கத்து ஊர்ச் செவிலியர் அக்காவின் உதவியோடு படித்தேன். கழுத்துத் தசைகளில் இரத்தக்கட்டு இல்லை, தொண்டைக் குருத்தெலும்பும் நாவடியில் உள்ள ஹயாய்டு எலும்பும் முறியவில்லை, மூச்சுக்குழாயில் உணவுத் துணுக்கு இல்லை, மண்டைக்குள் இரத்தக்கசிவு இல்லை, இரைப்பையில் மது வாடை இருந்தது, இரைப்பையின் உட்சுவரில் புள்ளிகள் இல்லை என்று எழுதியிருக்கிறது. இரத்தம் தேங்கிய கறை தலை, கழுத்து, தோள், மேல்நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைத்திருந்ததாகவும், தோள்பக்கம் இளஞ்சிவப்பாக இருந்ததாகவும் இருக்கிறது. இந்த இளஞ்சிவப்பு விஷத்தால் வந்தது என்று இப்போது ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. கைப்பேசிப் படமும் கிடைத்துவிட்டது. கவ்வாத்துக்கு, அதாவது செடிகளை வெட்டிவிடும் வேலைக்கு, போன பையன் ஒருவன், தூக்குவதற்கு முன் தன் அப்பாவுக்கு அனுப்புவதற்காக எடுத்திருக்கிறான். நான் பார்த்தேன். சித்தியிடம் காட்டவில்லை.

குன்னூர் மருத்துவர் எழுதுகிறார்:

காட்டாதீர்கள். ஆனால் அழிக்கவும் வேண்டாம். அந்தப் பையனின் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

இறந்தபின் இரத்தம் உடலின் கீழ்ப்பக்கமாக இறங்கித் தேங்குவதால் தோன்றும் கறை ஓரிரு மணி நேரத்தில் தெரியத் தொடங்கி, ஏறத்தாழ 6 முதல் 12 மணி நேரத்தில் இடம் மாறாமல் நிலைத்துவிடும். குளிரில் இந்தக் கணக்கு இன்னும் நீளும். உங்கள் சித்தப்பாவின் கறை தலையிலும் தோளிலும் நிலைத்திருக்கிறது என்றால், இறந்தபின் நெடுநேரம் அவர் தலை தாழ்ந்த நிலையிலேயே கிடந்திருக்கிறார் என்று பொருள். வேறெங்கோ கொன்று, மல்லாக்கக் கிடத்தி வைத்திருந்து, விடியற்காலையில் கொண்டுவந்து போட்டிருந்தால் கறை முதுகில் இருந்திருக்கும். அதோடு கழுத்துத் தசைகள் சுத்தமாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், நெரித்தார்கள் என்ற பேச்சுக்கு உடலில் ஆதாரம் இல்லை.

இளஞ்சிவப்பு நிறம் நம் மலையில் அடிக்கடி குழப்பம் தருவது. குளிர்காலத்தில் பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தூங்கி இறப்பவர்களுக்குக் கார்பன் மோனாக்சைடு காரணமாகச் செர்ரிப் பழச் சிவப்பில் கறை தோன்றும். சயனைடிலும் கறை பளிச்சென்று சிவந்திருக்கலாம். ஆனால் வெறும் குளிரே அந்த நிறத்தைத் தந்துவிடும். குளிர்ந்த உடலில் இரத்தம் ஆக்சிஜனை எளிதில் விடுவதில்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்த உடல்களிலும் இதைப் பார்க்கலாம். திறந்த கானுக்குள் உறைபனி இரவு முழுவதும் கிடந்தவரின் தோள் இளஞ்சிவப்பாக இருப்பதில் வியப்பில்லை. விஷத்தைப் பற்றி ரசாயனப் பகுப்பாய்வே சொல்லிவிடும்.

இரைப்பையில் புள்ளிகள் இல்லை என்று எழுதியிருப்பதைக் கண்டதும் அந்த மருத்துவர் மீது எனக்கு மதிப்புக் கூடியது. குளிரில் விறைத்து இறப்பவர்களின் இரைப்பைச் சுவரில் கரும்பழுப்புப் புள்ளிகள் காணப்படுவதுண்டு. விஷ்னெவ்ஸ்கி என்ற ரஷ்ய மருத்துவர் 1895-இல் விவரித்த அடையாளம் அது. அப்படி விறைப்பவர்கள் கடைசி நேரத்தில் புத்தி தடுமாறி, உடைகளைக் கழற்றிவிட்டு, இடுக்கு ஒன்றைத் தேடிப் புகுந்துகொள்வதும் உண்டு. குளிரவில்லை என்று குடித்தவர் சொல்வது தோலின் இரத்த நாளங்கள் விரிவதால் வரும் மயக்கமே. உள்ளே உடல் சூட்டை இழந்துகொண்டிருக்கும். எனவே கானுக்குள் கிடந்த உடலைப் பார்த்ததும், விழுந்தாரா, விறைத்துப் புகுந்தாரா என்ற ஐயம் எழ வேண்டும். எழுந்திருக்கிறது, தேடியும் பார்த்திருக்கிறார். புள்ளி இல்லாததால் குளிருக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் அவை தோன்றுவதில்லை.

கீழ்க்கோர்ட் வக்கீல் எழுதுகிறார்:

தம்பி, இயற்கைக்கு மாறான மரணம் என்ற வகையில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு அது; பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 174. முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, பார்வை மகஜர், வரைபடம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு இறந்தவரின் மனைவி பெயரில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். வாயால் கேட்டு வராதீர்கள். கைப்பேசிப் படத்தையும், எடுத்தவனின் வாக்குமூலத்தோடு, விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள்.

விபத்துக் காப்பீடு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஓர் எச்சரிக்கை. இமாச்சலப் பிரதேசத்தில் மழையும் குளிருமான இரவில் மது அருந்திய காவலாளி ஒருவர், உணவு மூச்சுக்குழாயில் ஏறி மூச்சடைத்து இறந்த வழக்கில், அது விபத்து மரணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறிவிட்டது. உங்கள் வழக்கு அதிலிருந்து வேறுபடுகிறது என்பது என் கருத்து. மேட்டிலிருந்து கானுக்குள் விழுந்தது கண்ணுக்குத் தெரியும் வெளிக்காரணம், மூச்சுக்குழாயிலும் உணவு இல்லை. ஆயினும் பாலிசியில் போதை பற்றிய விலக்கு தனியாக இருந்தால் அதையும் தாண்ட வேண்டியிருக்கும். பாலிசியின் முழு வாசகத்தையும் பார்க்காமல் யாருக்கும் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

ஆம்புலன்ஸ் அக்கா எழுதுகிறார்:

108-இல் வேலை செய்பவள். சட்டம் எனக்குத் தெரியாது. வண்டி கவிழ்ந்த இடங்களில், கழுத்து முறிந்திருக்குமோ என்ற பயத்தில், மயங்கிய ஆளை யாரும் தொடாமல் சுற்றி நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். பயம் சரிதான், ஆனால் முகவாய் நெஞ்சில் அழுந்திக் குறட்டை போன்ற சத்தம் வந்தால் நாங்கள் வரும்வரை அவர் தாங்க மாட்டார். தலையைத் திருப்பாமல், இரு பக்கமும் தாடைக் கோணத்தில் விரல் வைத்து, தாடையை மட்டும் முன்னால் தூக்கிப் பிடியுங்கள். பாதையோரம் போதையில் கிடப்பவரை, அடிபட்ட அறிகுறி இல்லாவிட்டால், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

கட்டபெட்டுக்காரன் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சித்தியிடம் அனைத்தையும் படித்துக் காட்டினேன். நெரிக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன். விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டார். மருத்துவர் ஐயாவிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்: அவருக்குத் தெரிந்திருக்குமா? கத்தியிருப்பாரா, நாங்கள் தூங்கிவிட்டோமா?

குன்னூர் மருத்துவர் எழுதுகிறார்:

அறிக்கையில் கைகளைப் பற்றி எழுதிய இடத்தைப் பாருங்கள். உள்ளங்கையிலும் நகக்கண்ணிலும் மண், சிராய்ப்பு ஏதாவது குறிப்பிட்டிருக்கிறதா?

கட்டபெட்டுக்காரன் எழுதுகிறார்:

‘நகங்கள் சுத்தமாக இருந்தன, உள்ளங்கைகளில் காயமில்லை, வலது புறங்கையில் மட்டும் ஈரமண் ஒட்டியிருந்தது’ என்று இருக்கிறது. படத்திலும் வலது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருக்கிறது.

குன்னூர் மருத்துவர் எழுதுகிறார்:

கானின் சுவர் மண்சுவர். நினைவோடு இருந்தவர் என்றால் அந்தச் சுவரைப் பற்றியிருப்பார், கையை ஊன்றியிருப்பார், நகத்தில் மண் ஏறியிருக்கும். விழுந்தபோது மடங்கிய கையை அவர் எடுக்கவே இல்லை. அவர் கத்தவில்லை, அம்மா. நீங்கள் விழித்தே இருந்தாலும் உங்களுக்கு எதுவும் கேட்டிருக்காது.